கல்லூரிக்குள் ஆய்வு நிதி: தொகையைவிட நாட்காட்டி முக்கியம்

(தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய முதல்வர்களே, நிதி அலுவலர்களே, துறைத் தலைவர்களே, பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டே ஆன இளம் ஆசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச் சான்று தரும் நாக் குழு வரப்போகிறது என்றால்தான், ஆய்வைத் தொடங்கக் கல்லூரியே தரும் விதை நிதி பற்றிய பேச்சு நம்மிடையே சூடு பிடிக்கும். ஆசிரியர்களின் ஆய்வுக்கு நிறுவனம் தன் பணத்திலிருந்து எவ்வளவு கொடுத்தது என்பதற்கு அங்கே தனி அளவுகோல் இருக்கிறது. தீர்மான நகல், நிதி அலுவலர் கையெழுத்திட்ட செலவுக் கணக்கு, பெற்றவர் பட்டியல் எல்லாம் கேட்பார்கள். பட்டியல் நீளமாக இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். உடனே நாற்பது பேருக்கு ஆளுக்கு ஐயாயிரம் என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு லட்சம் போயிற்று, ஆய்வு ஒன்றுகூட நடக்கவில்லை. அதே இரண்டு லட்சத்தில் இரண்டு பேர் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கலாம். ஐயாயிரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கருத்தரங்கப் பதிவுக் கட்டணத்துக்கும் ஆவணக் காப்பகம் போய்வரும் பேருந்துச் செலவுக்கும் அது போதும். அதற்கு ‘சிறு உதவித் தொகை’ என்று தனித் தலைப்பு வையுங்கள், விதை நிதிக் கணக்கில் கலக்காதீர்கள்.

விதை நிதியின் வேலை ஒன்றுதான். வெளியிலிருந்து பெரிய நிதி கேட்டு எழுதும்போது, “இந்த முறை வேலை செய்கிறது, இதோ முதற்கட்டத் தரவு” என்று காட்டும் நிலைக்கு ஓர் ஆசிரியரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தது. அதுவரை பல்கலைக்கழக மானியக் குழுவின் சிறு ஆய்வுத் திட்டங்களை நம்பியிருந்த கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அந்த வாசல் அடைபட்டது. 2023 சட்டத்தின்படி அமைந்த, ஆய்வுகளுக்கு நிதி தரும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை போன்ற இடங்களில் போட்டி கடுமை. முதற்கட்டத் தரவு இல்லாத விண்ணப்பம் அங்கே நிற்காது. அந்த முதல் படியைக் கல்லூரிதான் போட்டுத் தர வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்? வெளி ஆய்வுத் திட்டம் ஒன்று வந்தால் ‘ஓவர்ஹெட்’ என்று நிறுவனத்துக்கு ஒரு பங்கு வரும். பெரும்பாலும் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கும். நாற்பது லட்சம் திட்டம் என்றால் ஏறத்தாழ நான்கு லட்சம். அது பொதுக் கணக்கில் விழுந்து மின்கட்டணத்தோடும் சுண்ணாம்புச் செலவோடும் கரைந்துவிடுகிறது. மின்கட்டணமும் நியாயமான செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் பாதியையாவது தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். ஆலோசனைப் பணிகளில் வரும் நிறுவனப் பங்கையும் அதிலேயே சேருங்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக 1925-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். உணவில் புற ஊதாக் கதிர் பாய்ச்சி வைட்டமின் டி-யைக் கூட்டும் முறைக்கு ஹாரி ஸ்டீன்பாக் பெற்ற காப்புரிமைதான் அதன் முதல். அந்த வருமானம் அதே பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஆய்வுக்கே திரும்பி வந்தது. நமக்கு அவ்வளவு பெரிய காப்புரிமை வேண்டாம், தனிக் கணக்கு ஒன்று இருந்தால் போதும்.

தனிக் கணக்கை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நாட்காட்டி. இப்போதைய நடைமுறையைப் பாருங்கள். ஏப்ரலில் நிதியாண்டு பிறக்கிறது. வரவு செலவுத் திட்டம் ஒப்புதலாகி வர ஜூன். செமஸ்டர் தொடக்கப் பரபரப்பு ஓய்ந்து சுற்றறிக்கை வர ஆகஸ்ட். விண்ணப்பம் செப்டம்பரில், குழுக் கூட்டம் அக்டோபரில், ஆணை நவம்பரில். அந்த நேரம் பார்த்துத் தேர்வு, விடைத்தாள் திருத்தம். முன்பணம் கைக்கு வரும்போது பொங்கல் முடிந்திருக்கும். மார்ச் 31-க்குள் கணக்கை முடித்துக் கொடு என்று அடுத்த சுற்றறிக்கை வந்துவிடும். ஓராண்டுத் திட்டம் என்று பெயர், கையில் இருப்பது பத்து வாரம். பத்து வாரத்தில் ஆய்வு செய்ய முடியாது, பொருள் வாங்க மட்டுமே முடியும். நம் துறைகளில் உறை பிரிக்காத கருவிகள் அடுக்கிக் கிடப்பது இதனால்தான். ஆசிரியரின் சோம்பல் என்று இதைச் சொல்வது அநியாயம்.

மாற்றுவது கடினமல்ல. அடுத்த ஆண்டுக்கான அழைப்பை டிசம்பரில் விடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மதிப்பீடு. மார்ச்சில் ‘நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனையோடு பட்டியலுக்கு ஒப்புதல். ஏப்ரல் முதல் வாரத்தில் ஆணை. கோடை விடுமுறை முழுவதும் களப்பணிக்குக் கிடைக்கும். திட்டக் காலத்தைப் பதினெட்டு மாதமாக வையுங்கள். செலவாகாத தொகை அடுத்த நிதியாண்டுக்குச் செல்லும் என்று நிதிக்குழுவில் ஒருவரித் தீர்மானம் போடுங்கள். அரசு மானியப் பணத்தில் இப்படிச் செய்ய இயலாது, சொந்த வருவாய்க் கணக்கில் செய்யலாம்.

அடுத்து, குழுக்கள் தொகையை வெட்டும் முறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை ஒட்டிய கிணறுகளில் குரோமியம் எவ்வளவு என்று ஒரு வேதியியல் ஆசிரியர் பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது கிணறுகள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, ஆக நாற்பது மாதிரிகள். பத்தில் ஒன்றுக்கு இரட்டை மாதிரி என்று நான்கு, களப்பயணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்று மாதிரி (ஒப்பிட்டுப் பார்க்கத் தூய நீர்) என்று நான்கு. மொத்தம் நாற்பத்தெட்டு. வெளி ஆய்வகக் கட்டணம் மாதிரிக்கு 1,500 ரூபாய் என்று கொண்டால் 72,000. பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி. 12,960. புட்டிகள், அமிலம், கையுறை, ஐஸ் பெட்டி 8,000. வாடகைக் கார் நான்கு நாள் 24,000. உடன் வரும் இரண்டு மாணவர்களுக்கு 4,000. கூட்டினால் 1,20,960. எதிர்பாராச் செலவும் சேர்த்து 1,30,000 கேட்கிறார்.

குழு என்ன செய்யும்? “எல்லாருக்கும் இருபது விழுக்காடு குறைத்துவிடலாம், கார் எதற்கு, பேருந்தில் போகலாமே” என்று சொல்லும். இங்கேதான் ஆய்வு செத்துப்போகிறது. மொத்தக் குரோமியம் பார்க்க எடுக்கும் நீரில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். நஞ்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு எடுக்கும் நீரிலோ அமிலம் படவே கூடாது. பட்டால் அது மூன்று இணைதிறன் வடிவத்துக்கு ஒடுங்கிவிடும், தேடிய பொருளே காணாமல் போகும். தனிப் புட்டியில், குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாங்கல் கரைசல் சேர்த்துக் காலத்தை நீட்டிக்கும் முறையும் உண்டு, ஆனால் அந்த ஆய்வகம் அதை ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று பேருந்து மாறிப் போனால் தரவு நிற்காது. பணம் குறைவு என்றால் கிணறுகளைப் பதினைந்தாகக் குறைக்கச் சொல்லுங்கள். அப்போது மாதிரி முப்பத்தேழு ஆகும், மொத்தச் செலவு ஏறத்தாழ ஒரு லட்சத்து ஆயிரத்து ஐந்நூறு. பயணத்தைத் தொடவே வேண்டியதில்லை, மழைக்கு முன்னும் பின்னும் என்ற ஒப்பீடும் கெடாது. எதை வெட்டுவது என்பதை விண்ணப்பித்தவரிடமே விடுங்கள்: “உமக்கு 1,04,000 கிடைக்கும், திருத்திய திட்டத்தை ஒரு வாரத்தில் தாரும்.”

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு குறிப்பு. ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு முன்பு 5 விழுக்காடு சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அது இல்லை. பழைய விண்ணப்பத்தை நகலெடுத்து நிரப்புகிறவர்கள் இன்னமும் ஐந்து என்று போட்டுவிட்டு, பில் வரும்போது பதின்மூன்று விழுக்காடு பற்றாக்குறையோடு நிற்கிறார்கள்.

தமிழ், வரலாறு, சமூகவியல் துறைகளுக்கு நம் படிவமே பொருந்துவதில்லை. ‘கருவிகள்’ என்று பெரிய கட்டம் இருக்கிறது, வெற்றாக விட்டால் மதிப்பெண் குறையுமோ என்று பயந்து மடிக்கணினி, பிரிண்டர் என்று எழுதுகிறார்கள். அதைப் பார்த்ததும் குழு முழு விண்ணப்பத்தையும் தள்ளிவிடுகிறது. அவர்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு. ரோஜா முத்தையா நூலகத்திலோ தஞ்சை சரசுவதி மகாலிலோ பிரதி எடுக்கக் கட்டணம், சென்னையில் பத்து நாள் தங்கும் செலவு, பதிவு செய்த பேச்சை எழுத்தாக்கும் கூலி. இந்தக் கடைசிச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்து மணி நேரமாவது ஆகும், வட்டார வழக்கு என்றால் இன்னும் கூடும். இருபது பேரிடம் ஒன்றரை மணி நேரம் பேசினால் முப்பது மணிப் பதிவு, நூற்றைம்பது மணி வேலை. இதற்குக் கூலி ஒதுக்காத திட்டத்தில் ஒலிக்கோப்புகள் பென்டிரைவிலேயே கிடக்கும்.

கொள்முதலும் தணிக்கையும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் வந்தபோது 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளி இல்லாமலே வாங்கலாம், அதற்கு மேல் இரண்டரை லட்சம் வரை மூவர் கொள்முதல் குழு என்று வைத்தார்கள். வரம்புகள் பிறகு உயர்ந்தன. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் இன்றைக்கு எந்த வரம்பு நடப்பில் இருக்கிறது என்பதை ஆணையின் பின்பக்கத்திலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். இயற்பியல் படித்தவர் விதிப் புத்தகத்தைத் தேடி அலைய வேண்டாம்.

தணிக்கைத் தடைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. வரம்புக்குள் அடக்க ஒரே பொருளை இரண்டு பில்லாகப் பிரித்தது. மூன்று விலைப்புள்ளியும் ஒரே அச்சு, ஒரே எழுத்துப் பிழையோடு இருப்பது. பில் கல்லூரி பெயரில் இல்லாமல் ஆசிரியர் பெயரில் இருப்பது. திட்டம் முடிந்த தேதிக்குப் பின் தேதியிட்ட பில். இருப்புப் பதிவேட்டில் ஏற்றாத பொருள். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் வருவது. வேதிப்பொருள் தீர்ந்துபோகும் பொருள்தானே என்று பதிவேட்டில் ஏற்றாமல் விடுவார்கள். தீர்ந்துபோகும் பொருளுக்கும் தனிப் பதிவேடு உண்டு. பில்லின் மேல் பக்க எண்ணைக் குறித்துத் துறைத் தலைவர் கையெழுத்திட்டால் அன்றைக்கே முடிகிற வேலை, விட்டால் மூன்று ஆண்டு கழித்து ஓய்வூதியக் கோப்போடு வந்து நிற்கும்.

பணத்தைவிட அரிய பொருள் நேரம். மானியக் குழுவின் 2018 விதிகள்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. பல சுயநிதிக் கல்லூரிகளில் இதைவிடக் கூடுதல் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். நிதி பெற்றவருக்கு ஒரு செமஸ்டரில் நான்கு மணிப் பாடம் ஒன்றைக் குறையுங்கள் என்றால், “அதற்கென்ன, தாராளமாக” என்கிறார் முதல்வர். அந்த நான்கு மணியைப் பக்கத்து மேசைக்காரர் தலையில் கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு அந்தத் துறையில் யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். வாரம் நான்கு, பதினைந்து வாரம், அறுபது வகுப்பு. 2019-இல் மானியக் குழு கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய் வரை என்றது. அந்தக் கணக்கில் 90,000. கல்லூரிகள் கொடுப்பது அதைவிடக் குறைவுதான் என்றாலும், நேரத்துக்கு விலை உண்டு என்று வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்கட்டும். இரண்டில் ஒன்றுதான் தர முடியும் என்ற நிலை வந்தால் கருவியை விட்டுவிட்டு வகுப்புக் குறைப்பைக் கொடுங்கள்.

கற்பித்தலுக்கும் நிதி உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்த இடத்திலும் அது கேமராவும் பச்சைத் திரையும் வாங்குவதில் முடிகிறது. பாடக் காணொளியில் முதலில் கெடுவது ஒலி. சட்டையில் குத்தும் மைக்கை முதலில் வாங்குங்கள், படம் பிடிக்கக் கைப்பேசி போதும். இந்த நிதியை ஒரு பாடத்துக்கு, ஒரு செமஸ்டருக்கு, முப்பது நாற்பதாயிரம் என்று சிறியதாக வைக்கலாம். ஆனால் முன் தேர்வும் பின் தேர்வும் கட்டாயம். அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நூற்றுக்கு நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு வந்த வகுப்பையும், எண்பதிலிருந்து தொண்ணூறுக்கு வந்த வகுப்பையும் பாருங்கள். முதல் வகுப்பு பதினைந்து கூடியது, இரண்டாவது பத்துதான். ஆனால் முதல் வகுப்புக்கு எட்ட வேண்டியிருந்தது அறுபது, அதில் பதினைந்து என்றால் 0.25. இரண்டாவதுக்கு மிச்சமிருந்ததே இருபது, அதில் பத்து என்றால் 0.5. இயற்பியல் கல்வியாளர்கள் நெடுங்காலமாக இப்படித்தான் அளக்கிறார்கள். இரண்டு தேர்வையும் எழுதிய மாணவர்களை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். மதிப்பெண் குறைந்தவர்கள் இடையில் நின்றிருந்தால், அவர்களை முன் தேர்வில் மட்டும் சேர்ப்பதாலேயே வகுப்பு முன்னேறியதுபோல் தெரியும்.

கட்டுரை வெளியீட்டுக் கட்டணம் பற்றிச் சுருக்கமாக. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லும் ‘கேர்’ பட்டியலை மானியக் குழு 2025-இல் கைவிட்டது. எந்த இதழுக்குப் பணம் கட்டலாம் என்பதை இனி நிறுவனமே முடிவு செய்ய வேண்டும். கட்டுரையை அனுப்பும் முன்பே நூலகரிடம் இதழின் பெயரைக் காட்டி ஒப்புதல் வாங்கும் முறை வையுங்கள். ஏற்புக் கடிதம் வந்தபிறகு மறுத்தால் சண்டைதான் வரும். ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது, ஆனால் முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கே. சுயநிதிக் கல்லூரிகள் நூலகச் செலவைக் குறைத்துவிட வேண்டாம்.

கடைசியாக, நிதி கிடைக்காதவர்கள். முப்பது விண்ணப்பத்தில் எட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் இருபத்திரண்டு பேருக்கு ‘தேர்வாகவில்லை’ என்று ஒருவரிக் கடிதம் போகிறது. மதிப்பீட்டாளர் இருவர் எழுதிய குறிப்பைப் பெயரை நீக்கி அப்படியே அனுப்புங்கள், பதினைந்து நாளுக்குள். மதிப்பீட்டாளரில் ஒருவராவது வெளிக் கல்லூரிக்காரராக இருக்கட்டும், மதிப்பூதியம் கொடுங்கள். குறிப்பு குறைந்தது அரைப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவருக்குப் போகும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். ‘நன்று’, ‘பரிந்துரைக்கவில்லை’ என்று ஒற்றைச் சொல்லோடு வரும் தாளுக்கு மதிப்பூதியம் இல்லை. டிசம்பர் அழைப்பில் திருத்திய விண்ணப்பம் வந்தால் பழைய குறிப்பையும் அதோடு இணைத்து, முடிந்தவரை அதே மதிப்பீட்டாளருக்கே அனுப்புங்கள்.

நன்றி. வணக்கம்.