உண்ணி அல்லாத உண்ணி

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம். ஒரே பெயர் நம்மை எப்படித் திசை திருப்பும் என்று சொல்லி, உண்ணிக் காய்ச்சலுக்கு வருகிறேன்.

மாம்பழக் காலத்தில் வேலூர் நேதாஜி மார்க்கெட் பக்கம் போனால், நசுங்கிய பழத்தின் மேல் சிவந்த கண்ணோடு கடுகளவு ஈ மொய்க்கும். அதைப் ‘பழ ஈ’ என்கிறோம். மாந்தோப்பு வைத்திருப்பவரைக் கேளுங்கள், அவர் சொல்லும் பழ ஈ வேறு. அது நல்ல காயைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். வெட்டினால் புழு நெளியும். முன்னது திராசோபிலா. அழுகலில் ஊறும் ஈஸ்ட்தான் அதற்கு உணவு, தோப்புக்கு அதனால் கேடில்லை. இரண்டும் வெவ்வேறு குடும்பம். பெயர் ஒன்றாக இருப்பதால் எத்தனை பேர் எதற்கோ மருந்தடித்துக் காசைக் கரைத்திருப்பார்கள்!

அந்தக் கடுகளவு ஈக்கு நாம் பட்ட கடன் பெரிது. 1910-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன், சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண் ஆண் ஈ ஒன்றைக் கண்டார். அதன் வாரிசுகளைத் தொடர்ந்து பார்த்ததில், அந்தப் பண்பு பாலினக் குரோமோசோமோடு, அதாவது பாலினத்தோடு தொடர்புள்ள மரபு இழையோடு, சேர்ந்தே போவது தெரிந்தது. இந்த ஈயின் புழுவுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியில் மிகப் பெரிய குரோமோசோம்கள் உண்டு. கருப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் ஓடும். பழகிய கண் புத்தகம்போல வாசிக்கும்.

அந்த வாசிப்பு நம் நாட்டுக் கொசுவிடமும் வந்து சேர்ந்தது. கொசுவும் ஈ வரிசையைச் சேர்ந்ததுதான், இரண்டே சிறகு. கிராமப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் குலிசிபேசிஸ் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தோம். குரோமோசோம் பட்டைகளைப் பார்த்தபோது நான்கு இனங்கள் பிரிந்தன, பிறகு ஒய் குரோமோசோமின் வடிவம் ஐந்தாவதைக் காட்டியது. பூதக்கண்ணாடிக்கு ஐந்தும் ஒன்றே. ஆனால் ‘பி’ என்று குறித்த இனம் மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாது. ராமேசுவரத்தில் வாழும் ‘இ’ நன்றாகவே பரப்பும்.

இனி நம் ஊர்ச் சங்கதி. இதற்காகத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஒரு கார்த்திகையில், அணைக்கட்டு என்னும் ஊர்ப் பக்கத்தில் எங்கள் அத்தைக்குக் காய்ச்சல். மல்லாட்டைக் கொல்லை வரப்பில் புல் அறுத்தவர். ‘உண்ணிக் காய்ச்சலா இருக்கும்’ என்று யாரோ சொன்னார்கள். உடனே வீட்டில் மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டி, நாயைத் தெருவுக்கு விரட்டினார்கள். அத்தைக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

ஸ்க்ரப் டைபஸ் எனும் இந்தக் காய்ச்சல் நம் வேலூர்ப் பக்கம் பழக்கமானது, மழைக்குப் பின் குளிர் மாதங்களில் கூடும். ‘உண்ணி’ என்ற சொல்தான் நம்மைத் திசை திருப்புகிறது. மாட்டில் தொங்கும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பரப்புவது கண்ணுக்கே எட்டாத ஒரு சிலந்திப்பேன். அதிலும் அதன் குஞ்சுப் பருவம் மட்டுமே கடிக்கும். அப்போது ஆறு கால், வளர்ந்தால் எட்டு. புதரில் காத்திருந்து எலி, மூஞ்சூறு, மனிதர் எவர்மீதும் ஏறி, தோலைக் கரைத்து உறிஞ்சிவிட்டு மண்ணில் இறங்கிவிடும். பிறகு பூச்சி முட்டைகளைத் தின்றே காலம் தள்ளும். கிருமி தாயிடமிருந்தே முட்டைக்குள் போய்விடுவதால், முதல் கடியே நோயைத் தரலாம்.

இதன் நெருங்கிய உறவு யார் தெரியுமா? முதல் மழைக்குச் செம்பட்டாக மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி. சங்கப் புலவர்கள் ‘மூதாய்’ என்று பாடிய வகை. கையில் ஏந்தி விளையாடினோமே, அது யாருக்கும் தீங்கு செய்யாது. 2018-இல் கடிக்கும் சிலந்திப்பேனின் மரபணுத் தொகுப்பையும் செம்பட்டுச் சிலந்திப்பேன் ஒன்றின் தொகுப்பையும் சேர்த்தே வெளியிட்டார்கள். டெர்பீன் எனும் வேதிப்பொருளை உண்டாக்கும் மரபணுக்கள் இரண்டிலும் இருந்தன. அவை நுண்ணுயிர்களிடமிருந்து என்றோ தாவி வந்தவையாகத் தெரிகின்றன. எனக்கு இது தீராத வியப்பு.

அத்தை பிழைத்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், ரவிக்கையை விலக்கி அக்குளைப் பார்த்தார். சிலந்திப்பேன் கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோலக் கருத்த பொருக்கு. வலி இல்லாததால் அத்தையே கவனிக்கவில்லை. டாக்ஸிசைக்ளின் எனும் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தார்கள், இரண்டாம் நாள் கஞ்சி கேட்டார்.

எல்லாருக்கும் அந்தப் பொருக்கு வராது. ஆனாலும் வீட்டில் காய்ச்சல் என்றால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் துணி இறுகும் இடம் எல்லாம் பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும், ‘ஏரிக்கரைப் புதரில் வேலை செய்தேன், வரப்பில் புல் அறுத்தேன்’ என்று மறக்காமல் சொல்லுங்கள்.