மலைக்கு வந்தவர் நிற்க வேண்டுமானால்

நேயர்களுக்கு வணக்கம்.

2001 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. மாநிலம் பெருகிய பத்தாண்டில் இந்த மாவட்டம் சுருங்கியது. நம் பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் இறங்குவது தெரிந்த கதை. கீழேயிருந்து வேலைக்கு வரும் டாக்டரும் நர்ஸும் என்ஜினியரும் ஏன் நிற்பதில்லை?

சம்பளத்தைக் கூட்டினால் ஆள் வரும். நிற்பது வேறு கணக்கு. எளிதில் போய்ச் சேர முடியாத இடத்தில் அரசு டாக்டர் வேலை பார்த்தால், முதுநிலை நுழைவுத் தேர்வில் அவர் எடுத்த மதிப்பெண்ணில் ஆண்டுக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் தர விதிமுறை இடம் கொடுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்றாண்டு முடிந்ததும் இறங்குவதுதான் லாபம் என்றும் அதுவே சொல்லிவிட்டது.

நிற்க வைப்பது வீடு. ஏப்ரல், மே சீசனில் நாள் வாடகை நன்றாகக் கிடைக்கும்போது, மாத வாடகைக்காரரை வீட்டுக்காரர் எதற்கு வைத்துக்கொள்வார்? புதிதாக அடுக்குமாடி எழுப்பவும் வழியில்லை. 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது, இருக்கவும் வேண்டும், சரிவு தாங்காது. அதனால் ஆஸ்பத்திரியோ பள்ளியோ தேயிலை ஃபேக்டரியோ தன் பெயரிலேயே மூன்றாண்டுக்கு வீட்டை எடுத்து, பணியாளருக்கு விட வேண்டும். ஓராண்டைத் தாண்டும் ஒப்பந்தம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாத தாள் சீசன் வந்ததும் செல்லாக்காசு.

வீட்டை மே மாதத்தில் பார்க்காதீர்கள், சுவர் உலர்ந்திருக்கும். மழையில் பாருங்கள்: அலமாரியின் பின்பக்கம் கை வைத்தால் ஈரம் தெரியும். அடுத்தது மின்சாரம். 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பாயிண்டும் அதற்கேற்ற தடித்த ஒயரும் முன்கூட்டியே போட்டு வையுங்கள். ஹீட்டர் இல்லாத வீட்டில் புதிதாக வந்தவர் கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும். சாவி கொடுக்கும்போதே இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பணியில் சேரும் மாதமும் முக்கியம். கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபருக்குப் பிறகு மழை, மண்சரிவு, மேட்டுப்பாளையம் ரோடு அடைப்பு. ஜனவரி, பிப்ரவரியில் சேர்த்தால் மழைக்கு முன் வீடு, கேஸ், குழந்தைக்குப் பள்ளி எல்லாம் அமைந்துவிடும். பந்தலூர்ப் பக்கம் இரவு ஷிப்ட் முடிப்பவரை நடந்து போகச் சொல்லாதீர்கள், யானை நடமாடும் இடம். ஜீப் செலவைச் சம்பளத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

வாழ்க்கைத்துணைக்கு வேலை இல்லாவிட்டால் இவ்வளவும் வீண். பக்கத்து நிறுவனங்கள் தங்களுக்குள் காலியிடப் பட்டியலை மாற்றிக்கொண்டாலே பாதி சிக்கல் தீரும்; ஒரு போன் செலவுதான்.

இன்னொன்று. ஹட்டியில், அதாவது படகர் ஊரில், வீடு உள்ள பிள்ளைக்கு நீங்கள் வீடு தேட வேண்டாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் உண்டு. கேத்தியிலும் தும்மனட்டியிலும் யார் வீட்டுப் பிள்ளை நர்சிங் முடித்தது, யார் பி.இ. முடித்தது என்று முதலில் விசாரியுங்கள். அவர்கள் இப்போது கோவையில் வேலையில் இருப்பார்கள். நேர்காணலையும் கோவையிலேயே, ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வணக்கம்.