எதிரணி அண்ணனுக்கு பின்லாந்துல இருந்து ஒரு பதில்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், நேரமானாலும் எழுந்து போகாம உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். நாட்டைக் காப்பாத்துறது ராணுவ பலமா மக்கள் ஒற்றுமையாங்கிற தலைப்புல நான் ஒற்றுமை பக்கம் பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின அண்ணன் டேங்க், ஏவுகணை, போர் விமானம்னு வரிசையா அடுக்கிட்டு, "பகைவன் எல்லையில வந்து நிக்கும்போது உங்க ஒற்றுமையா துப்பாக்கி எடுத்து சுடும்"னு கேட்டாரு. நியாயமான கேள்விதான். அதுக்கு 1939-லயே ஒரு நாடு பதில் சொல்லிடுச்சு.

அந்த வருஷம் நவம்பர் 30, சோவியத் படை பின்லாந்துக்குள்ள நுழையுது. அந்தப் பக்கம் சுமார் 17 கோடி ஜனம், இந்தப் பக்கம் 37 லட்சம், டேங்க்ல பார்த்தாலும் விமானத்துல பார்த்தாலும் பக்கத்துல வச்சுப் பேசவே முடியாது. அண்ணன் கணக்குப்படி ரெண்டு மூணு வாரத்துல கதை முடிஞ்சிருக்கணும். மாஸ்கோவும் அப்படித்தான் நெனச்சுது. ஆனா மாஸ்கோ டேங்கை மட்டும் நம்பி வரலைங்க ஐயா, பின்லாந்துக்காரங்களுக்குள்ள ஒரு பிளவு இருக்கு, அது வேலையைச் சுலபமாக்கிடும்னு நம்பி வந்துச்சு.

அந்தப் பிளவு பொய்யில்ல. 1918 ஜனவரியில இருந்து மே வரைக்கும் அங்க உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் தொழிலாளிங்க, நிலமில்லாத குத்தகை விவசாயிங்க, அவங்க சிவப்பு, அதாவது சோஷலிஸ்ட் பக்கம், எதிர்ப்பக்கம் அரசாங்கத்தோட நின்ன வெள்ளை. 36,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல களத்துல செத்தவங்களை விட பிடிச்சு வச்சு சுட்டதுலயும் கேம்ப்ல பட்டினி நோயிலயும் செத்தவங்கதான் அதிகம். 21 வருஷத்துல அது ஆறிடுமா? அப்பனை இழந்த பிள்ளைங்கதான் 1939-ல ராணுவத்துக்குப் போற வயசுல நிக்கிறாங்க. இதைத் தெரிஞ்சுதான் மாஸ்கோ டிசம்பர் 1-ந் தேதியே எல்லையோரம் டெரியோக்கிங்கிற ஊர்ல ஓட்டோ குசினன் தலைமையில ஒரு பொம்மை அரசாங்கத்தை உட்கார வச்சுது. இந்த குசினன் 1918 சிவப்பு அரசுல இருந்து ரஷ்யாவுக்குத் தப்பிப் போனவர். எட்டு மணி நேர வேலை தர்றோம்னெல்லாம் அறிவிச்சாங்க, அது பின்லாந்துல 1917-லயே சட்டமாயிடுச்சு!

தொழிலாளிங்க அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. வெள்ளை வீட்டுப் பையனும் சிவப்பு வீட்டுப் பையனும் ஒரே பதுங்குகுழியில நின்னாங்க.

ஏன்? இங்கதான் ஐயா நீங்க கவனிக்கணும், ஏன்னா ஒற்றுமைன்னா மேடையில பாடுற பாட்டுன்னு எதிரணி நெனைக்குது. 1918 கடைசியிலயே குத்தகை விவசாயி தான் உழுத நிலத்தை வாங்கிக்கலாம்னு சட்டம் வந்துச்சு, 1922-ல கல்லியோங்கிற தலைவர் பேர்ல ஒரு சட்டம் வந்து நிலமில்லாதவங்களுக்கும் வழி திறந்துச்சு. தோத்த பக்கத்து கட்சியான சோஷியல் டெமாக்ரட்டுங்க 1919-லயே தேர்தல்ல நின்னு பார்லிமென்டுக்குள்ள வந்துட்டாங்க, 1926-ல ஆட்சியே அமைச்சாங்க, 1937-ல விவசாயக் கட்சியோட கூட்டணி ஆட்சி. எல்லாம் சுமுகமா நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், கம்யூனிஸ்டுகளைத் தடை பண்ணாங்க, சிவப்புக் குடும்பங்களோட துக்கம் வெளிய பேசப்படாமலே ரொம்ப காலம் கெடந்துச்சு. ஆனாலும் சாதாரண உழைப்பாளிக்கு, இது என் நாடும்தான், இதை விட்டுக்கொடுத்தா எனக்கு நஷ்டம்னு தோணுற அளவுக்கு அவன் கையில ஏதோ இருந்துச்சு. போர் நடுவுல, 1940 ஜனவரியில, முதலாளிகள் சங்கம் தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தைக்கு உரிய தரப்பா ஏத்துக்குச்சு. 1918-ல வெள்ளைப் படையை நடத்தின மன்னர்ஹைம்தான் இப்பவும் தளபதி, அவரு 1940-ல தன் பக்கத்து வெற்றி விழா அணிவகுப்பை நிறுத்திட்டு, ரெண்டு பக்கத்துலயும் செத்தவங்களுக்குச் சேர்த்து ஒரே நினைவு நாள் வச்சாரு. இன்னொண்ணு, அவரோட தாய்மொழி ஸ்வீடிஷ். ஒரே மொழி பேசினாத்தான் ஒரே நாடுன்னு சொல்றவங்க இதைக் குறிச்சு வச்சுக்கணும்.

"பனியும் குளிரும் காப்பாத்துச்சு"ன்னு அடுத்து வர்ற அக்கா சொல்லலாம். பனி ரெண்டு பக்கமும்தான் பெஞ்சுது. கிழக்கு எல்லையோரம் ராத்தே ரோட்டுல ஒரு முழு சோவியத் டிவிஷனை, ஆயிரக்கணக்கான பேர் இருந்த படைப்பிரிவை, அதை விடச் சின்ன படை துண்டு துண்டா அறுத்துச்சுன்னா, பக்கத்துல இருக்கிறவன் ஓட மாட்டான்னு ஒவ்வொருத்தனுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

"கடைசியில தோத்துட்டாங்களே"ன்னும் கேட்பாங்க. ஆமா, 105 நாள் சண்டைக்கு அப்புறம் நிலப்பரப்புல பத்துல ஒரு பங்கு போச்சு. ஆனா சுதந்திரம் போகல. பறிபோன கிழக்குப் பகுதி கரேலியாவுல இருந்து 4 லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, அவங்கள்ல யாரையும் அகதி முகாம்ல காலத்துக்கும் அடைச்சு வைக்கல, மத்தவங்க நிலத்துல இருந்து பங்கு பிரிச்சுக் கொடுத்து குடியமர்த்தினாங்க. அது எவ்வளவு வலிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப அண்ணன் கேட்ட ஆயுதத்துக்கே வர்றேன். யுகோஸ்லாவியாகிட்ட இல்லாத டேங்கா? ஐரோப்பாவுலயே பெரிய ராணுவங்கள்ல ஒண்ணு அவங்களோடது. 1980-ல அந்த நாட்டை ஒண்ணா வச்சிருந்த தலைவர் டிட்டோ செத்தாரு, தலைவருங்க ஆளாளுக்கு என் இனம் உன் இனம்னு கிளப்பி விட்டாங்க, 1991-ல அந்த ராணுவம் குண்டு போட்டது வெளிநாட்டு மேல இல்ல, குரோஷியா பகுதியில இருந்த வுக்கோவார்ங்கிற தன் சொந்த ஊர் மேல, 87 நாள். அதுக்கு முன்னாடியே, அந்த வருஷம் ஜூலையில, தலைநகர் பெல்கிரேடுல பார்லிமென்டுக்குள்ளயே தாய்மாருங்க புகுந்து எங்க பிள்ளைங்களைத் திருப்பிக் கொடுங்கன்னு கேட்டாங்க. யாரோட சண்டை போட அந்தப் பிள்ளைங்களை அனுப்பினாங்க, எந்த எல்லையைக் காப்பாத்த? ஆயுதம்தான் பாதுகாப்புன்னு சொல்ற எதிரணி அந்தத் தாய்மாருக்கு என்ன பதில் சொல்லும்னு கேட்டுட்டு என் இடத்துல போய் உட்கார்றேன் ஐயா, நன்றி.