திருப்பிக் கடிக்கிற பழம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தரையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். அன்னாசிப்பழம் உடலுக்குத் தருவது நன்மையா தொல்லையா என்பது தலைப்பு. நான் நன்மை அணி.

பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதனால் சத்துக் கணக்கை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 50 கலோரி, 45 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி, எலும்புக்கு வேண்டிய மாங்கனீசு, மீதி பெரும்பாலும் தண்ணீர். கொல்லிமலை அடிவாரத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய துண்டைக் கையில் வாங்கியவர்கள் நீங்கள்.

எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார், நீங்களும் விசிலடித்தீர்கள். "நாம் கடிக்கிற பழம் ஆயிரம் இருக்கிறது, நம்மைத் திருப்பிக் கடிக்கிற பழம் அன்னாசி ஒன்றுதான்" என்றார். அண்ணே, அது கடிக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். எதைக் கடிக்கிறது என்றுதான் நீங்கள் சொல்லவில்லை.

எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு கிடா விருந்து. கிடா கொஞ்சம் வயசாளி. சமையல் மாஸ்டர் அதைப் பார்த்ததுமே, "அண்ணே, இது சாயங்காலம் வரைக்கும் வேகாது" என்று சொல்லிவிட்டார். அப்புறம் யாரோ அவரிடம் அன்னாசியை அரைத்துப் பிசறினால் கறி பூவாய் வெந்துவிடும் என்று சொல்ல, கால் பழம் போட வேண்டிய இடத்தில் நாலு பழத்தைத் தண்டோடு அரைத்துக் கொட்டி, விடிகாலையில் பிசறி மூடி வைத்துவிட்டுக் கண் அசந்துவிட்டார். எழுந்தபோது வெயில் ஏறிவிட்டது. பதறிப்போய் அண்டாவை அடுப்பில் ஏற்றினார். அன்னாசியில் புரதத்தைக் கரைக்கிற புரோமிலெய்ன் என்று ஒரு நொதி இருக்கிறது. சூடு ஏற ஏற அது வேகமாக வேலை செய்யும், நன்றாகக் கொதித்தால்தான் அடங்கும். மாஸ்டர் தீயை மெதுவாக எரியவிட்டார்.

பந்தியில் இலை போட்டாயிற்று. மாஸ்டர் கரண்டியை விட்டு எடுக்கிறார், குழம்பு வருகிறது. அடியில் விட்டு எடுக்கிறார், எலும்பு வருகிறது. பெரியப்பா ஓடி வந்து, "யோவ், கறி எங்கய்யா?" என்கிறார். மாஸ்டர் கைகட்டிக்கொண்டு, "எல்லாம் உள்ளதான் இருக்குதுங்க, கண்ணுக்குத்தான் தெரியல" என்கிறார்! முதல் பந்தி முணுமுணுத்தது. இரண்டாம் பந்தி சிரித்தது. ஒரு மாமா இலையை மடிக்காமலே எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரியே அந்தக் கிடா ஊர் வாயில் இரண்டு கிடா ஆனது, அடுத்த சந்தைக்குள் மூன்று ஆகிவிட்டது.

ஆனால் கடைசி இலையில் ஒரு தாத்தா. வாயில் ஒரு பல் கிடையாது. இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பல்லு போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான்யா கறி சாப்பிட்டேன்" என்றார். தொல்லையா நன்மையா என்பதை அந்தத் தாத்தாவிடம் கேளுங்கள் அண்ணே!

அதே நொதிதான் நாக்கில் பட்டால் சுருக்கென்கிறது, கூடவே பழத்தில் இருக்கிற ஊசி போன்ற நுண்ணிய படிகங்களும் குத்துகின்றன. நாக்கு கொஞ்ச நேரத்தில் தன்னைச் சரி பண்ணிக்கொள்ளும். நடுத்தண்டைத் தவிர்த்தால் சுருக்கு குறையும், பச்சடியோ ரசமோ வைத்தால் நொதியே செத்துவிடும். ஆனால் அந்தக் கடி எங்கே போயிருக்கிறது தெரியுமா? ஆழமான தீக்காயத்தில் கருகிப்போன தோலைக் கத்தி வைத்து வெட்டுவதற்குப் பதிலாக, அன்னாசித் தண்டின் நொதியில் செய்த மருந்தை நாலு மணி நேரம் பூசி வைத்து எடுக்கிறார்கள். நெக்ஸோபிரிட் என்று பெயர், 2012-இல் ஐரோப்பாவில் அனுமதி, 2022-இல் அமெரிக்காவில். கருகின தோலைக் கரைக்கிறது, உயிருள்ள தோலை விட்டுவைக்கிறது. நம்மைக் கடிக்கிற பழம் என்றீர்களே, செத்ததைக் கடித்து உயிருள்ளதைக் காப்பாற்றுகிற பழம் இது!

சர்க்கரை உள்ளவர்கள் ஜூஸ் வேண்டாம், ஒன்றிரண்டு துண்டு போதும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காயாக யாரும் தின்னாதீர்கள், வயிறு பிடுங்கிவிடும். சாப்பிட்டு உதடு வீங்கினால் அது ஒவ்வாமை, மறுபடி தொடக் கூடாது. அவ்வளவுதான் எதிரணியின் மொத்த மூட்டை.

இல்லை, இன்னொன்று இருக்கிறது. அதை அண்ணன் போகிற போக்கில் சொன்னார், "பிள்ளைத்தாச்சி தின்றால் கரு தங்காது" என்று. அதை மட்டும் நான் விடமாட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண். மூன்றாம் மாதம், மசக்கை, எது சாப்பிட்டாலும் வாந்தி. பேருந்து நிலையத் தள்ளுவண்டியில் இரண்டு துண்டு அன்னாசி வாங்கித் தின்றாள், அன்றைக்குத்தான் வயிற்றில் ஏதோ தங்கியது. பிறகு சில நாளில் கரு கலைந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும், "அன்னாசி தின்னியாமே?" என்றுதான் கேட்டார்கள். மாமியார் கேட்டார், நாத்தனார் கேட்டார், பெற்ற தாயே கேட்டார். கனிந்த பழத்தைச் சாதாரண அளவில் தின்று கரு கலைந்ததாக மருத்துவத்தில் நிரூபணம் கிடையாது. தொடக்க மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு, கருவின் குரோமோசோம் குறைதான் காரணம். அது யார் தின்றதாலும் வருவதில்லை, யார் தின்னாமல் இருந்தாலும் நிற்பதில்லை. இதை அவளுக்கு ஒருத்தர் சொல்லவில்லையே! பிள்ளையைப் பறிகொடுத்தவளைக் கொலைகாரி மாதிரி பார்த்தோமே, இரண்டு துண்டுப் பழத்துக்காக!

இன்றைக்கும் அவள் பழக்கடைப் பக்கம் தலை குனிந்துதான் போகிறாள். நடுவர் அவர்களே, சத்துக்கணக்குக்கு எனக்கு மார்க் போட வேண்டாம், கிடா விருந்துக்கும் வேண்டாம். தீர்ப்பைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி அந்தத் தெரு வரைக்கும் கட்டியிருக்கிறார்கள், அவள் வீட்டில் எல்லோருக்கும் கேட்கட்டும். நன்றி, வணக்கம்.