யார் கேட்டு எழுதிய பாட்டு?

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவப் பாட்டுகள் பிறந்த கதையைச் சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள், சரி என்றேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பங்கில் ரொம்ப காலமாகப் பாடகர் குழுவில் ஆர்மோனியமும் அப்புறம் கீபோர்டும் வாசிக்கிறவன் நான். பாட்டைப் பற்றிப் பேச ஆசைதான், ஆனால் பாட்டுக்குக் கதை என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைகளில் பாதி, யாரோ நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பியவை.

‘அமேசிங் கிரேஸ்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைக் கப்பல் கேப்டன், நடுக்கடலில் புயல், மண்டியிட்டு அழுதார், அன்றைக்கு ராத்திரியே பாட்டை எழுதி அடிமைகளை விடுதலை செய்துவிட்டார் என்று ஜெபக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். ஜான் நியூட்டன் புயலில் மாட்டியது உண்மை, 1748ல். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாகவே ஆனார். 1754ல் கடல் வேலையை விட்டதும் உடம்பு முடியாமல்தான். பின்னால் குருவாகி, ஓல்னி என்ற சின்ன ஊரில், லேஸ் பின்னிப் பிழைத்த ஏழை ஜனங்களுக்கு நடுவில் இருந்தபோது, 1773ஆம் வருஷப் புத்தாண்டு ஆராதனைக்காக எழுதிய பாட்டு அது. அடிமை வியாபாரம் தப்பு என்று ஊரறிய அவர் எழுதி வெளியிட்டது 1788ல். புயலிலிருந்து அதுவரைக்கும் நாற்பது வருஷம்! இன்றைக்கு உலகமே பாடுகிற மெட்டு அந்த வரிகளோடு சேர்ந்தது 1835ல், அமெரிக்காவில். நியூட்டன் 1807லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், தன் பாட்டை அந்த மெட்டில் அவர் கேட்டதே கிடையாது. ஒரே ராத்திரியில் திருந்திய கேப்டனைவிட, நாற்பது வருஷம் மெதுவாகத் திருந்திய இந்த மனுஷனைத்தான் என்னால் நம்ப முடிகிறது.

கிறிஸ்மஸ் பாட்டு ‘சைலண்ட் நைட்’டுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. எலி கடித்து ஆர்கன் கெட்டுப்போனதால் அவசரமாக எழுதினார்கள் என்பார்கள். எலிக்கு ஆதாரம் எதுவும் இல்லை, பிற்காலத்தில் சேர்ந்த சரக்கு. ஆஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ஃப் என்ற ஊரில், 1818 டிசம்பர் 24ஆம் தேதி, ஜோசப் மோர் என்ற இளம் குருவானவர் தான் இரண்டு வருஷம் முந்தி எழுதி வைத்திருந்த கவிதையை வாத்தியார் ஃப்ரான்ஸ் க்ரூபரிடம் கொடுத்து, கிடாரில் பாடுகிற மாதிரி ஒரு மெட்டு போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். வாத்தியாரும் அன்றைக்கே போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான். எங்களை மாதிரி ஆட்களுக்கு இது ரொம்பப் பழக்கமான கதை. எந்தப் பங்கிலும் பாட்டு இப்படித்தான் பிறக்கிறது. யாராவது வந்து கேட்பார்கள், கையில் நாள் இருக்காது.

கிட்டத்துக் காலத்தில் பாருங்கள். டான் ஷூட் என்று ஓர் அமெரிக்கர், அப்போது இயேசு சபைக்காரர். 1979ல் நண்பர் ஒருவர் வந்து, திருத்தொண்டர் பட்டம் கொடுக்கிற பூசைக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார். இருந்தது சில நாள்தான், இவருக்கோ ஃப்ளூ காய்ச்சல். காய்ச்சலோடு எழுதிக் கொடுத்ததுதான் ‘ஹியர் ஐ ஆம், லார்ட்’. எசாயாவும் சின்னப் பையன் சாமுவேலும் கடவுள் கூப்பிட்டபோது சொன்ன பதில்தான் பல்லவி. ஆனால் ‘இதோ நான்’ என்றதோடு நிறுத்தாமல், கூப்பிட்டது என்னையா என்று ஒரு சந்தேகத்தையும் பக்கத்திலேயே வைத்தார் பாருங்கள், அந்த இடத்தில்தான் பாட்டு நிற்கிறது. தயங்காமல் வந்த தீர்க்கதரிசி யாரும் வேதத்தில் ரொம்பப் பேர் இல்லையே.

இன்னொன்று எனக்கு ரொம்ப நெருக்கமானது. மைக்கேல் ஜான்கஸ் என்பவர் பின்னாளில் குருவானவர். எழுபதுகளில் தன் நண்பரோடு இருந்த சமயத்தில், நண்பரின் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அடுத்த சில நாளில், 91ஆம் திருப்பாடலை வைத்து, கழுகின் சிறகில் உன்னைத் தாங்குவார் என்று ஒரு பாட்டு எழுதினார். முதலில் பாடியதே அந்த அப்பாவுக்கான ஜெபத்தில்தான். ‘ஆன் ஈகிள்ஸ் விங்ஸ்’ என்று 1979ல் வெளிவந்து, அமெரிக்கக் கத்தோலிக்கர் வீட்டில் சாவு என்றால் இது இல்லாமல் இருக்காது என்கிற அளவுக்குப் போனது. 2020 நவம்பரில் ஜோ பைடன் வெற்றி உரையிலேயே இதன் வரிகளைச் சொன்னார்.

சாவு வீட்டுக்குப் பாட்டு எழுதுவது என்றால் என்ன என்று நம் பக்கத்துப் பாடகர் குழுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். ராத்திரி பதினோரு மணி, தெருவை அடைத்துப் பந்தல், வாடகை பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் ஒரு பக்கம் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் பறை செட்டு ஒரு சுற்று அடித்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்ததும், ‘இப்ப நீங்க பாடுங்க தம்பி’ என்பார்கள். கீபோர்டுக்குக் கரண்ட் எடுக்க அந்தக் கண்ணாடிப் பெட்டி செருகியிருக்கிற பலகையிலேயே இடம் தேட வேண்டியிருக்கும். பாட ஆரம்பித்தால், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் அவர் சுருதியை விடமாட்டார். நாம்தான் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி அவர் சுருதிக்குப் போக வேண்டும். அங்கே எடுபடுகிற பாட்டு எதுவோ அதுதான் என் கணக்கில் நல்ல பாட்டு. ஸ்டூடியோவில் நாற்பது டிராக் போட்ட பாட்டுகள் அங்கே வாயைத் திறக்காது.

டிராக் என்றதும் மாட் ரெட்மன் ஞாபகம் வருகிறார். இங்கிலாந்தில் அவர் இருந்த சபையில் பாட்டுக் குழு பெரிதாகி, ஜனங்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். போதகர் ஒரு நாள் மைக்கையும் ஸ்பீக்கரையும் பேண்டையும் மொத்தமாக எடுத்துவிட்டு, கொஞ்ச காலம் வெறும் குரலில் பாடுங்கள் என்றார். அந்த அனுபவத்தில் ரெட்மன் தன் அறையில் உட்கார்ந்து தனக்காக எழுதியதுதான் ‘தி ஹார்ட் ஆஃப் வொர்ஷிப்’. வேடிக்கை என்னவென்றால், சத்தத்தை நிறுத்தியதால் பிறந்த அந்தப் பாட்டை நம்மூரில் டிரம்ஸ் உடைகிற சத்தத்தோடு வாசிக்கிறோம். நானும் வாசித்திருக்கிறேன்.

இதையெல்லாம்விட நம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. ‘லார்ட் ஆஃப் த டான்ஸ்’ என்று ஒரு பாட்டு, கான்வென்ட் பள்ளிகளில் படித்தவர்கள் பலர் பாடியிருப்பார்கள். படைப்பு நாள் தொட்டு ஆடி வருகிற ஒருவர், பெத்லகேமில் பிறந்து ஆடுகிறார், மீனவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆடுகிறார், வெள்ளிக்கிழமை வானம் இருண்டபோதும் ஆடுகிறார், புதைத்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. 1963ல் எழுதியவர் சிட்னி கார்ட்டர் என்ற ஆங்கிலேயர். அவர் மேஜை மேல் ஒரு நடராஜர் சிலை இருந்தது. இயேசுவோடு அந்தச் சிலையும் சேர்ந்துதான் பாட்டைத் தூண்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நடராஜர் எங்கே வளர்ந்தவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனந்த தாண்டவத்தை வெண்கலத்தில் அந்த நேர்த்திக்குக் கொண்டுவந்தது சோழ மண், அரசி செம்பியன் மாதேவி காலத்திலிருந்து பேசுகிறார்கள். இன்றைக்கும் சுவாமிமலைப் பட்டறைகளில் காவிரி வண்டலை மெழுகின் மேல் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். கார்ட்டர் வைத்திருந்த சிலையை எந்தப் பட்டறையில் வார்த்திருந்தாலும், அந்தத் தூக்கிய திருவடி நம் ஆற்றங்கரையில் பழகியதுதான். மெட்டுக்கு அவர் போனதும் ஆடிக்கொண்டே ஜெபம் செய்த ஒரு கூட்டத்திடம். ஷேக்கர்கள் என்று அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அவர்களில் ஜோசப் பிராக்கெட் என்பவர் 1848ல் போட்ட மெட்டைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டார். இதைப் பார்த்தால் மதவிரோதம் என்பார்களோ என்று கார்ட்டர் நினைத்தாராம். சபைகளோ பாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டன.

இதில் நாம் ஒன்றும் ஆச்சரியப்படக் கூடாது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முந்தியே தஞ்சாவூரில் ஒருவர் இதைச் செய்துவிட்டாரே. திருநெல்வேலியில் 1774ல் பிறந்து, சின்ன வயசிலேயே ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்கு வந்து, தரங்கம்பாடியிலும் படித்த வேதநாயகம் சாஸ்திரியார். இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் பராமரிப்பில் இருந்தவர், அதனால் ராஜாவும் இவரும் சின்ன வயசிலிருந்தே பழக்கம். அன்றைக்குத் தஞ்சாவூரில் குறவஞ்சி என்றால் உயிர். உலா வருகிற நாயகன், மேல்மாடத்திலிருந்து பார்த்து மயங்குகிற பெண், கை பார்த்துக் குறி சொல்கிற சிங்கி, பறவை பிடிக்கிற சிங்கன். சாஸ்திரியார் இந்த ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். உலா வருகிறவர் இயேசு, சிங்கன் கண்ணி போடுவது மனுஷருக்கு. அப்போது கோயிலில் இருந்தது பெரும்பாலும் ஞானப்பாட்டு, ஜெர்மன் மெட்டு, தமிழ் வார்த்தை. குறிலை இழுத்து நெடிலாக்கினால்தான் மெட்டு நிரம்பும். அந்தக் காதுகளுக்குச் சாஸ்திரியாரின் கீர்த்தனை எப்படிக் கேட்டிருக்கும்! பின்னால் வந்த மிஷனரிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, பெரிய தகராறு ஆனது. தகராறில் பாட்டு மட்டும் இல்லை, கோயிலுக்குள் சாதிப்படி உட்காருவதும் இருந்தது. அதில் சாஸ்திரியார் நின்ற பக்கம் தப்பான பக்கம். கீர்த்தனையை நெஞ்சோடு வைத்துக்கொண்டே அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுவார்ட்ஸ் பேச்சு வந்ததால் இன்னொரு பளபளப்பான கதையையும் உரசிப் பார்த்துவிடலாம். பரதநாட்டியத்துக்கு முறை வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வரில் வடிவேலு, சுவார்ட்ஸிடம் வயலின் கற்றார் என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. சுவார்ட்ஸ் 1798ல் இறந்தார், வடிவேலு 1810ல் பிறந்தார். முடிந்தது கதை.

கத்தோலிக்கர் பக்கம் பெரிய மாற்றம் வந்தது 1963 டிசம்பர் 4ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு வெளியானதும். அதுவரை பூசை லத்தீனில். பாடகர் குழு ‘தாந்தும் எர்கோ’வை அர்த்தம் தெரியாமலே மனப்பாடமாகப் பாடும். தாய்மொழிக்குக் கதவு திறந்ததும், வருகைப் பாடல், தியானப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் என்று ஞாயிறுதோறும் தமிழில் வேண்டும். எங்கே போவது? நம் ஊர்களில் உபதேசியாரும் பள்ளிக்கூட வாத்தியாரும் சிஸ்டரும் உட்கார்ந்து எழுதினார்கள். மெட்டு போட ஆள் இல்லாத இடத்தில் சினிமா மெட்டுதான். காணிக்கை நேரத்தில் பின்வரிசைப் பையன்கள் சிரிப்பை அடக்குவதைப் பார்த்தாலே எந்தப் படம் என்று தெரிந்துவிடும். 1977ல் திருச்சியில் கலைக்காவிரி என்ற கலை நிறுவனம் தொடங்கிய பிறகு, முறையாகச் சங்கீதமும் பரதமும் படித்தவர்கள் வேதக் கதைகளைத் தொட ஆரம்பித்தார்கள். தரம் ஏறியது. ஆனால் அந்த முதல் பத்துப் பதினைந்து வருஷத்தில், கேட்டதும் எழுதிக் கொடுத்த வாத்தியார்களின் பாட்டுகளில் சில இன்னும் சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் தாக்குப்பிடிக்கின்றன.

என் குறை எல்லாம் இதில்தான். நியூட்டன் எந்த வருஷம் எந்த ஆராதனைக்கு எழுதினார் என்று என்னால் இங்கே சொல்ல முடிகிறது. தபசுகாலத்தில் நம் கிராமங்களில் இன்றும் பாடுகிற, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை, கோவாவில் பிறந்து இலங்கையில் பணிசெய்து 1742ல் இறந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் எழுதினார் என்றும் சொல்ல முடிகிறது. ஆனால் 1970ல் பக்கத்து ஊரில் எழுதிய பாட்டுக்கு ஆள் தெரியவில்லை. பங்குகளில் அச்சடிக்கிற பாட்டுப் புத்தகத்தில் முந்நூறு பாட்டு இருக்கும், எண் இருக்கும், உபயதாரர் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும், எழுதியவர் பெயர் ஒரு பாட்டுக்கும் இருக்காது. கேட்டால், கடவுளுக்கு எழுதியதுக்குப் பெயர் எதற்கு என்பார்கள். உபயதாரர் மட்டும் யாருக்குக் கொடுத்தாராம்?

உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவோ பெரியப்பாவோ எழுதிய பாட்டு நோட்டு இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கத்தில் அவர் பெயர், எந்த வருஷம், யார் கேட்டு எழுதினார், யார் கல்யாணம், யார் அடக்கம், ஞாபகம் இருக்கிறவரைக்கும் குறித்து வையுங்கள். மெட்டு எந்தப் படத்திலிருந்து வந்தது என்பதையும் வெட்கப்படாமல் எழுதிவிடுங்கள். வணக்கம்.