பிஸ்கட் கொடுத்து எடுத்த படம்

வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், பர்லியாறைத் தாண்டி, ஒரு பழக்கடையின் தார்ப்பாய் நிழலில் நின்றுகொண்டு பேசுகிறேன். எதிரே தடுப்புச் சுவரின்மேல் பத்துப் பன்னிரண்டு நாட்டுக் குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. கேமரா அவற்றின் பக்கம் திரும்பாது. இன்றைக்கு நான் படம்பிடிக்க வந்திருப்பது சாலையை.

சற்றுமுன் ஒரு கார் இந்த வளைவில் நின்றது. பின்னிருக்கைச் சிறுமியின் கையில் தழையோடு கூடிய ஊட்டி கேரட். அவளுடைய தந்தை கீழே இறங்கி, கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, குரங்கு கேரட்டை வாங்கும் நொடிக்காகக் காத்திருந்தார். வயிற்றில் குட்டி தொங்கிய ஒரு தாய்தான் முதலில் வந்தது. அதன் விரல்கள் கேரட்டைத் தொட்ட அதே கணத்தில் பெரிய ஆண் குரங்கு ஒன்று சுவரிலிருந்து பாய, தாய் கேரட்டை விட்டுவிட்டு நேராக நடுச்சாலைக்கு ஓடியது. இறக்கத்தில் வந்த வேன் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியதால் இரண்டு உயிர்கள் தப்பின. அந்த மனிதர் கெட்டவர் அல்லர், பதறித்தான் போனார். படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் காரில் ஏறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாட்டுக் குரங்குகளின் கூட்டத்தில் மேல்கீழ் வரிசை உண்டு. காட்டில் அத்திப்பழம் ஒரு மரம் முழுவதும் பரந்து பழுத்திருப்பதால், வலியது ஒரு கிளையில் தின்றால் எளியது இன்னொரு கிளையில் தின்று கன்னப்பையை நிரப்பிக்கொள்ளும். நாமோ ஒரே கையில், ஒரே இடத்தில், ஒரே ஒரு கேரட்டை நீட்டுகிறோம். சண்டை அங்கேயே தொடங்கிவிடுகிறது. அப்போது அவை பல்லைக் காட்டுவதைச் 'சிரிக்கும் குரங்கு' என்று தலைப்பிட்டுப் பதிவேற்றுகிறோம். அது அச்சமாகவோ மிரட்டலாகவோ இருக்குமே தவிரச் சிரிப்பாக இருக்காது. கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

சற்றுப் பொறுங்கள், லாரி ஒன்று போகட்டும்.

இந்தக் கடையை நடத்தும் அக்கா வாழைத்தார்களுக்கு மேல் மீன்வலையைப் போர்த்தி வைத்திருக்கிறார். பலாச்சுளைத் தட்டுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு உண்டிவில் இருக்கிறது. கல்லைக் குறிபார்த்து அடிப்பதில்லை, ரப்பரை இழுத்துக் காட்டினாலே போதும் என்றார். சிறிது நேரம் கழித்து, நேற்று ஒன்றை அடிக்கத்தான் வேண்டியிருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். மனிதனின் கையிலிருந்து உணவு கிடைக்கும் என்று அந்தக் குரங்குக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அன்றே ஊர் திரும்பிவிட்டார்கள். மறுநாள் அதே நம்பிக்கையோடு இந்தக் கடைக்கு வந்ததற்காக அது கல்லடி பட்டது. அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குரங்கின் கதை சின்னது என்று நினைப்பவர்களுக்கு, இதே மாவட்டத்தின் மசினகுடிப் பக்கத்து ரிவால்டோவை நினைவூட்டுகிறேன். தும்பிக்கையின் நுனியை இழந்திருந்த அந்தக் காட்டுக் கொம்பன் யானை, மனிதர்கள் தரும் உணவுக்குப் பழகி ஊரை ஒட்டியே சுற்றத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வனத்துறையினர் பழங்களைக் காட்டிக்காட்டியே அதைத் தெப்பக்காடு யானைகள் முகாமை நோக்கி நடத்திச் செல்ல முயன்றபோது, பாதி வழியில் அது திரும்பிவிட்டது. மே மாதத்தில் வாழைத்தோட்டத்தில் மரக்கூண்டுக்குள் அடைத்து, ஆகஸ்டில், இருக்குமிடத்தைக் காட்டும் ரேடியோ காலரைக் கழுத்தில் பூட்டி முதுமலையின் உட்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட மறுநாளே அது நடந்து பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அடிபட்ட ஒரு யானைக்கு இரக்கத்தோடு பழம் வைத்தவர்களையும், செல்பிக்காக வைப்பவர்களையும் நான் ஒரே தட்டில் நிறுத்த மாட்டேன். ஆனால் அந்த வேறுபாடு யானைக்குத் தெரியாதே.

சட்டம் இதில் நாம் நினைப்பதைவிடக் கடுமையானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே, பொறி வைப்பது, விரட்டுவது ஆகியவற்றோடு இரை வைத்து ஈர்ப்பதும் சேர்ந்தே இருக்கிறது. துப்பாக்கி இருந்தால்தான் வேட்டை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது: காக்கைக்குச் சோறு வைக்காமல் உண்ணாத வீடுகள் நம்முடையவை, சனிக்கிழமைதோறும் அனுமனை நினைத்துக் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பவர்கள் நாம், அப்படியிருக்க உயிர்களுக்கு உணவிடுவது எப்படிக் குற்றமாகும்? இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது; என் பாட்டி கடைசிவரை அரிசிமாவில்தான் கோலம் போட்டார், எறும்பு தின்னட்டும் என்று. ஆனால் காக்கையும் எறும்பும் நம் வாசலிலேயே பிழைப்பவை. காக்கைக்கு வைத்த சோற்றை அது எடுத்ததும் நாம் உள்ளே போய்விடுவோம், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பு என்று காத்திருப்பதில்லை. சோலைக்குள் இருக்க வேண்டிய ஒன்றைத் தார்ச்சாலைக்கு வரவழைத்து, வந்ததற்குச் சான்றாகப் படமும் எடுத்துக்கொள்வதை அன்னமிடுதல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சாலையோரத்துக்கு அப்பாலும் இது நடக்கிறது. கோத்தகிரிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியபோது, இரவு எட்டு மணிக்குக் காட்டுமாடு வரும், கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தது. அடுத்த நாள் காலையில் பின்பக்கம் போய்ப் பார்த்தேன்: காய்கறிக் கழிவு, மிஞ்சிய சோறு, அதன்மேல் கைநிறையக் கல்லுப்பு. காட்டுமாடு அசைபோடும் விலங்கு. புல்லுக்கும் இலைக்கும் பழகிய அதன் இரைப்பையில் சோறும் தானியமும் நிறைய விழுந்தால் புளித்துப் போய், உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றிரவு எடுத்த படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன.

பறவைப் படம் எடுப்பவர்கள் என்மேல் கோபப்படக் கூடும். மறைவிடம் அமைத்து, பாசி படிந்த ஒரு கிளையை நட்டு, அதன் பின்னால் புழுவையோ பழத்துண்டையோ வைத்து நீலகிரிச் சிரிப்பானை வரவழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கோடையில் வைக்கும் தண்ணீர்த் தொட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். பழத்துண்டில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆந்தையைப் பாய வைப்பதற்காக உயிருள்ள எலியை விடுவதில் தயக்கத்துக்கே இடமில்லை, அது கூடாது. குறைந்தபட்சம், படத்தின் கீழே 'இரை வைத்து எடுக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதலாம். அந்த வரியை எழுதக் கை கூசினால், கூச்சம் எதனால் என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று பழைய பார்வையாளர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். இந்த அலைவரிசையில் முதன்முதலாகப் பரவலாகப் பார்க்கப்பட்ட காணொளியே, ஒரு குரங்கு என் கையிலிருந்து கிரீம் பிஸ்கட்டை வாங்கி, இரண்டாகப் பிரித்து, கிரீமை மட்டும் நக்கிவிட்டு மீதியைக் கீழே போட்டதுதான். அந்த ஒரு காட்சிக்காக மூன்று பாக்கெட் பிஸ்கட் செலவழித்தேன். முதல் இரண்டில் ஒளி சரியாக அமையவில்லை. சென்ற ஆண்டு அந்தக் காணொளியை நீக்கிவிட்டேன். ஆனால் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டவர்களின் பதிவுகள் அப்படியே இருக்கின்றன. போன வாரம் ஒரு நண்பர் எனக்கு அனுப்பியதில், 'குன்னூர் போகிறவர்கள் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போங்கள்' என்ற தலைப்பும், வரைபடத்தில் இடக்குறியும் சேர்ந்திருந்தன. அந்தக் குறி காட்டும் வளைவில்தான் இப்போது நின்றுகொண்டிருக்கிறேன்.