ஆய்வுக்குப் பணம் எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் வாரம் முழுக்க வகுப்பு எடுத்துக்கொண்டே ஆய்வும் செய்ய நினைக்கும் இளம் ஆசிரியர்களுக்காக இன்று பேசுகிறேன். "யோசனை இருக்கிறது சார், பணம் யார் தருவார்கள் என்றுதான் தெரியவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் துறையில் அண்மையில் வந்த கட்டுரைகளின் நன்றியுரையைப் படித்தீர்களா?

முடிவுரைக்கும் நூற்பட்டியலுக்கும் நடுவே நாலைந்து வரிதான் இருக்கும். எல்லோரும் தாண்டிப்போகிற இடம். அந்த ஆய்வுக்கு நிதி கொடுத்த அமைப்பின் பெயர், பல சமயம் திட்ட எண்ணோடு, அங்கேதான் இருக்கிறது. உங்கள் கேள்விக்குப் பக்கத்துக் கேள்விக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் அவர்கள். ஒரு மாலை உட்கார்ந்து அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிவியல் கட்டுரைகளில் 'செர்ப்', அதாவது மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம், என்ற பெயர் அடிக்கடி வரும். அந்த அமைப்பு இப்போது தனியாக இல்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் சேர்ந்துவிட்டது. ஆகவே அறிவிப்புகளை அங்கே தேடுங்கள். சமூக அறிவியல்காரர்களுக்கு 1969 முதல் இயங்கும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது.

சுவடிகள், பழைய பத்திரங்கள், அழிந்துகொண்டிருக்கும் இதழ்கள் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் வெளிநாட்டுப் பக்கமும் பார்க்கலாம். பிரிட்டிஷ் நூலகத்தில் 2004இல் தொடங்கிய அழியும் நிலை ஆவணங்கள் திட்டம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல தொகுப்புகளை மின்படியாக்க உதவியிருக்கிறது. மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் விதி. வீட்டில் சுவடி வைத்திருப்பவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், பேச்சு சுலபமாகும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். தொகையைக் குறைத்துக் கேட்டால் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். மத்திய அரசுத் திட்டங்களில் இளநிலை ஆய்வாளரின் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. ஓராண்டுக்கே 4,44,000 ஆகிறது. இதைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால், வேலையை யார் செய்வார்கள் என்றே யோசிக்கவில்லை என்று மதிப்பீட்டாளருக்குப் புரிந்துவிடும். கருவி, களப்பயணம், பல்கலைக்கழகத்துக்கான மேற்செலவு, எல்லாவற்றுக்கும் ஏன் இவ்வளவு என்று ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம், பணம் வந்த வாரமே நிதிப் பிரிவுக்குப் போய், இந்தத் திட்டத்தின் கணக்கை யார் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். செலவு செய்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. அந்தத் தாமதத்தில் முதலில் சம்பளம் நின்றுபோவது உங்களை நம்பி வந்த அந்த ஆய்வு மாணவருக்குத்தான். ஆகவே ரசீதுகளை அன்றன்றே கோப்பில் சேருங்கள்; நிதியாண்டு முடிந்ததும் சான்றிதழில் கையெழுத்து வாங்க நீங்களே நேரில் போங்கள்.

நன்றி, வணக்கம்.